பீசோ தகடு: பேரில்லாத ஒரு மைக்கு, ஒரு பரிசல், கொஞ்சம் ஈபி கரண்ட்

மொதல்லயே சொல்லிடறேன், இதுக்கு கம்பெனி பேரு கெடையாது, டப்பா கெடையாது, ஒரு பிளாஸ்டிக் கவர்ல பத்து தகடு போட்டு ஆன்லைன்ல வந்துச்சு. 27 எம்எம் பீசோ டிஸ்க். பித்தளை கலர்ல ஒரு வட்டம், அதுமேல வெள்ளையா இன்னொரு சின்ன வட்டம், அவ்ளோதான். தர்மபுரில எனக்குத் தெரிஞ்ச டிவி மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டுனேன், "இது பஸர்ல வர்ற தகடு தம்பி, பொம்மைக்குள்ள கீச்சு கீச்சுன்னு கத்துமே அதான், இதுல போயி நீ என்னத்த ரெக்கார்ட் பண்ணப் போற"ன்னு சிரிச்சாரு.

அவர் சொன்னது சரிதான், கரண்ட் குடுத்தா நடுங்கி சத்தம் போடும். ஆனா நாம அத நடுங்க வெச்சா அது கரண்ட் குடுக்கும், 1880லயே கியூரி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச சமாச்சாரம். அதனால காத்துல வர்ற சத்தத்த இது பெருசா கண்டுக்காது, எதுமேல ஒட்டறமோ அந்தப் பொருளுக்குள்ள ஓடற அதிர்வு மட்டும்தான்.

நான் ஏன் வாங்குனேன்னா, காடு, தண்ணி, பூச்சி சத்தமெல்லாம் ரெக்கார்ட் பண்ணி சிந்த்தோட (சிந்தசைசர், கரண்ட்ல சத்தம் உண்டாக்கற கீபோர்டு) கலந்து டிராக் பண்ற கிறுக்கு எனக்கு. சாதாரண மைக்ல ஒகேனக்கல் அருவிய எடுத்தா அந்தக் காலத்துல டிவில சேனல் போனா வருமே, அதே உஸ்ஸ்ஸ் தான் வருது. அதுமேல சிந்த் வெச்சா ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குது, தண்ணி தனியா மியூசிக் தனியா, பல் டாக்டர் ரூம்ல போடற பாட்டு மாதிரி.

சரின்னு இந்தத் தகட எடுத்துக்கிட்டு ஒகேனக்கல் போனேன். தண்ணி வரத்து ஜாஸ்தியானா பரிசல் ஓட்ட விடமாட்டாங்க, ரெண்டு தடவ போயி மீன் வறுவல் மட்டும் சாப்ட்டு திரும்பி வந்தேன், மூணாவது தடவதான் கெடச்சுது. பரிசல் உள்பக்கம் மூங்கில் பத்தை மேல டேப் போட்டு ஒட்டி, ஹெட்போன் மாட்டுனேன் பாருங்க, அருவி சத்தம் சுத்தமா போயிடுச்சு, அதுக்கு பதிலா டொம்ம்... க்ர்ர்ர்... டொம்ம்ன்னு ஏதோ பெரிய மிருகத்தோட வயித்துக்குள்ள உக்காந்த மாதிரி. துடுப்பு போடறப்பெல்லாம் ஒரு பேஸ், பரிசல் சுத்தறப்ப பூரா மூங்கிலும் சேந்து முனகுது. பரிசல்கார அண்ணன் ஒரு நிமிஷம் கேட்டுட்டு, "இது தண்ணி இல்லப்பா, கட்டு முறுக்கற சத்தம், இந்தப் பக்கம் லூசா இருக்கு"ன்னு கைய வெச்சுக் காட்டுனாரு. எனக்கு மியூசிக், அவருக்கு ரிப்பேரு வேல.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா இந்த சத்தம் கேக்கறப்பவே பாதி சிந்த் மாதிரிதான் இருக்கு. அதனால கலக்கறது ரொம்ப ஈசி. ஆடாசிட்டின்னு சத்தத்த எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல பால்ஸ்ட்ரெச்னு ஒரு எஃபெக்ட் இருக்கு, ஃப்ரீ தான், அதுல பத்து செகண்ட் முனகல ரெண்டு நிமிஷமா இழுத்து விட்டேன், கீழ சிந்த்ல ஒரு சைன் வேவ், அதாவது வேற எதுவும் கலக்காத ஒத்த சுருதி சத்தம். எங்க மூங்கில் முடியுது எங்க மெஷின் ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. வீட்ல கேட்டுட்டு "இதெல்லாம் பாட்டா"ன்னாங்க, 1948ல பாரிஸ் ரேடியோல பியர் ஷாஃபர்னு ஒருத்தரு ரயில் சத்தத்த வெச்சே மியூசிக் பண்ணிட்டாருன்னு சொன்னேன், "அவுங்க வீட்லயும் இதத்தான் கேட்ருப்பாங்க"ன்னு பதில் வந்துச்சு.

கிருஷ்ணகிரி பக்கம் மாமா தோப்புல மாமரத்துலயும் ஒட்டிப் பாத்தேன். கெளை ஆடறது நல்லா வந்துச்சு, முசுறு எறும்பு என்னைய கடிச்சதும் நான் கத்துனதும் அதவிட நல்லா வந்துச்சு.

இப்ப குறை. பத்துல ரெண்டு தகடு கீறல் விட்டு வந்துச்சு, வித்தவங்ககிட்ட சொன்னேன், பதிலே இல்ல. வயர் நாமதான் சால்டர் பண்ணணும், வெள்ளை பாகத்துல ரொம்ப நேரம் சூடு வெச்சா போச்சு, மெக்கானிக் அண்ணனே ஒண்ண காலி பண்ணிட்டாரு. லேப்டாப் மைக் ஜாக்குல நேரா சொருகாதீங்க, பேஸ் மொத்தமா காணாமப் போயி தகரம் தட்டற மாதிரி இருக்கும், 1 மெகாஓம் மாதிரி பெரிய தடை (இம்பீடன்ஸ்) இருக்கற இன்புட் இருந்தாதான் அடி சத்தம் வரும், அதாவது ஆடியோ இன்டர்ஃபேஸ்ல (மைக், கிடார கம்ப்யூட்டரோட சேக்கற டப்பா) கிடார் இன்புட், இல்லன்னா ஒரு சின்ன பிரீஆம்ப், சிக்னல மொதல்லயே ஏத்திக் குடுக்கற சர்க்யூட். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் தகடே தன் சொந்தக் குரல்ல கத்தும், அங்க ஈக்யூல (ஈக்வலைசர்) கொறச்சுக்கணும்.

அப்புறம் ஹம். ஷீல்டு இல்லாத வயர் போட்டா வீட்டு கரண்ட் அப்படியே உள்ள வந்து ம்ம்ம்ம்ங்குது. ஒரு வாரம் அதோட சண்ட போட்டேன். அப்புறம்தான் தோணுச்சு, நம்மூரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கீபோர்டுல கீழ இருக்கற ஜி 49 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட ஒண்ணுதான. சிந்த்த கொஞ்சம் ஏத்தி 50ல டியூன் பண்ணேன், அவ்ளோதான், ஹம் சுருதியாயிடுச்சு. சிந்த்த 51 வெச்சா செகண்டுக்கு ஒரு தடவ அலை மாதிரி ஏறி எறங்குது, அதுவும் நல்லாருக்கு. தம்புராவுக்கு பதிலா ஈபி. கரண்ட் கட்டானா கச்சேரியும் கட்டு.

5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு கீறல் விட்ட ரெண்டு தகடுக்காக. வாங்கறதுன்னா வயர் ஏற்கனவே ஒட்டி வர்றதா பாத்து வாங்குங்க, ஒட்டறதுக்கு பெவிகுயிக்கெல்லாம் வேணாம், திருப்பி எடுக்கறப்ப தகடு ஒடஞ்சிரும், ரெட்டப்பக்க டேப் போதும். நான் அடுத்து 35 எம்எம் சொல்லிருக்கேன், தொப்பூர் கணவாய் பக்கம் ஒரு கம்பி வேலி பாத்து வெச்சிருக்கேன், ஆடிக்காத்து வரட்டும்.