லாஸ் ட்ராங்கோஸ் பிளவுப் பாதை: வழிகாட்டியுடனா, தனியாகவா?

கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோவிலிருந்து பேஜ் மில் சாலையில் மலையேறினால் முகட்டை நெருங்கும் இடத்தில் லாஸ் ட்ராங்கோஸ் இயற்கைக் காப்பகம் வருகிறது. அதற்குள், இரு பெரும் நிலப்பகுதிகள் ஒன்றையொன்று உரசி நகரும் கோடான சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவை ஒட்டிச் சுமார் ஒன்றரை மைல் நீளச் சுற்றுப்பாதை இருக்கிறது. துண்டறிக்கையை வைத்துக்கொண்டு நாமே நடக்கலாம். தன்னார்வலர்கள் கட்டணமின்றி நடத்தும் நிலவியல் நடையிலும் சேரலாம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், என் சாய்வு வழிகாட்டியின் பக்கமே.

தனியாகப் போவதன் வசதிகள் எல்லோரும் அறிந்தவை: நாளும் நேரமும் நம் கையில், வேகமும் நம் விருப்பம். முதல் முறை நானும் மனைவியும் அப்படித்தான் போனோம். 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவைக் குலைத்த நிலநடுக்கத்தில் தரை முதன்மையாகப் பிளந்த கோட்டை மஞ்சள் பட்டையிட்ட கம்பங்களும், துணைப் பிளவுகளை வெள்ளைப் பட்டையிட்ட கம்பங்களும் காட்டுகின்றன. கம்பங்களை எண்ணிக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் சுற்றி முடித்து, புல்லையும் ஓக் மரங்களையும் தவிர வேறெதையும் பார்த்த நினைவின்றி வண்டிக்குத் திரும்பினோம்.

குறை துண்டறிக்கையில் இல்லை, எங்கள் கண்ணில்தான் இருந்தது. பிளவு என்றதும் வாய் பிளந்த பள்ளத்தைத் தேடினோம். நூறாண்டு மழையும் மண்ணும் அதை எப்போதோ மூடிவிட்டன. மிஞ்சியிருப்பவை சரிவின் நடுவே திண்ணைபோல் தட்டையாகும் நிலமும், நீர் தங்கும் சிறு தாழ்வுகளும்தான். அவற்றைப் பழகிய ஒருவர் கைநீட்டிக் காட்டினாலொழிய எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் முறை, நாங்கள் முன்பு சாய்ந்து நின்று தண்ணீர் குடித்த அதே பாறையருகே வழிகாட்டி எங்களை நிறுத்தி, அதைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை உருண்டையான கூழாங்கற்கள், சிமென்டில் பதித்தாற்போல் இறுகிக் கிடந்தன. இதற்கு ஒத்த பாறை இருப்பது சுமார் 23 மைல் தென்கிழக்கே, லோமா பிரியேட்டா மலைப் பகுதியில் என்றும், பிளவின் மேற்குப் பக்க நிலம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் வடமேற்காக நகர்ந்து, பல லட்சம் ஆண்டுகளில் இதை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்றும் அவர் விளக்கினார். அறிக்கையிலும் இது இருந்தது. நான் படித்தும் இருந்தேன். ஆனால் விரல் கூழாங்கல்லின் மேல் இருக்கும்போது, “அப்படியானால் நாம் நிற்பது எந்தப் பக்கம்?” என்று கேட்டு உடனே பதில் பெறுவது காகிதத்தால் ஆகாத காரியம். நாள்தோறும் 280 நெடுஞ்சாலையில் கடந்துபோகும் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கம் இதே பிளவின் பள்ளத்தில்தான் கிடக்கிறது என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

இந்த நடைக்குப் பொறுமை வேண்டும் என்பதை மறைக்க முடியாது. ஒரு கம்பத்தருகே கால் மணி நேரம் நிற்க நேரும். நாங்கள் குழந்தைகளுடன் போனதில்லை. ஆறேழு வயதுப் பிள்ளை அத்தனை நேரம் தாங்குமா என்று என்னால் சொல்ல இயலாது. வழிகாட்டிக்கு வழிகாட்டி விளக்கம் மாறவும் கூடும். நான் கேட்டது ஒருவரை மட்டுமே.

ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப் போவதானால் இரண்டுமே வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கடலோரமாக உள்ள பாயின்ட் ரேயஸின் நிலநடுக்கப் பாதை ஒரு மைலுக்கும் குறைவான, தளமிட்ட வழி. 1906-இல் ஏறக்குறைய 16 அடி விலகிப்போன வேலியை அங்கே மீண்டும் அமைத்து வைத்திருக்கிறார்கள், அதற்கு யாருடைய விளக்கமும் தேவைப்படாது.