கரிசல் காட்டுக் குதிரைவாலி அரிசி: மகளிர் உழவர் நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு பற்றிய மதிப்புரை

மதுரை மாவட்டத்தின் பேரையூர், தே. கல்லுப்பட்டி வட்டாரங்களில் மானாவாரியாக விளையும் குதிரைவாலி என்ற சிறுதானியத்தை, அப்பகுதிப் பெண்களே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உமி நீக்கி, அரைக் கிலோ, ஒரு கிலோ பைகளில் விற்கிறது. சில மாதங்களாக எங்கள் வீட்டில் நெல்லரிசிக்கு மாற்றாக இதையே அடிக்கடி சமைக்கிறோம். குறைகளையும் எழுதப் போவதால் அந்தச் சிறிய நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். அவற்றை அவர்களிடமே தெரிவித்துவிட்டேன். இவ்வகை நிறுவனங்கள் தமிழகத்தின் வேறு மானாவாரிப் பகுதிகளிலும் இயங்குவதால், எதனிடம் வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவைதாம்.

முதலில் அரிசியின் நிறத்தைச் சொல்ல வேண்டும். பெரிய கடைகளில் கிடைக்கும் குதிரைவாலி பெரும்பாலும் பளிச்சென்ற வெண்மையோடு இருக்கும். உமியோடு தவிட்டையும் தீட்டி எடுத்துவிடுவதால் வரும் வெண்மை அது. நார்ச்சத்தும் தாதுக்களும் மிகுதியாகத் தவிட்டில் இருப்பதால், சிறுதானியம் உண்பதன் பயனில் பெரும்பகுதி அந்த ஆலையிலேயே நின்றுவிடுகிறது. நான் மதிப்பிடும் இந்த அரிசியோ மங்கிய சாம்பல் நிறமுடையது. கையில் எடுத்தால் விரல்களில் மெல்லிய தவிட்டுப் பொடி ஒட்டும். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நெடுநாள் வைத்திருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே, மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்க இது ஏற்றதன்று. மாதத் தேவைக்கு மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே நல்லது.

சமைப்பதற்கு முன் அரை மணி நேரம் ஊற வைத்தால் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் சரியாக இருக்கிறது. வெண்பொங்கலுக்கும் தயிர்சாதத்திற்கும் இதைவிடப் பொருத்தமான சிறுதானியம் இல்லை என்பது என் கருத்து. குழைந்தாலும் பசையாகிவிடாமல் ஒவ்வொரு மணியும் நாவில் தனியாகத் தெரிகிறது. சாம்பார், வத்தக்குழம்பு ஆகியவற்றோடும் நன்றாகச் சேர்கிறது. பிரியாணி போல உதிரியாக வர வேண்டிய உணவுகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குறைகளில் முதன்மையானது, சில பைகளில் உமி நீங்காத மணிகள் தங்கிவிடுவது. குதிரைவாலியின் உமி தானியத்தை இறுகப் பற்றியிருக்கும். மணியும் மிகச் சிறியது. கல் நீக்கும் கருவி, சலிப்பான், உமி நீக்கும் கருவி, உமியைக் காற்றால் பிரிக்கும் அமைப்பு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கினால்தான் சுத்தமான அரிசி கிடைக்கும். சிறிய ஆலையில் இது எளிதன்று என்பது தெரிந்தாலும், விலை கொடுத்து வாங்குபவர் முறத்தில் புடைத்த பிறகே உலை வைக்க வேண்டியிருப்பது குறைதான். அரைத்த தேதியின் அச்சு அழிந்து போவது இரண்டாவது குறை. தீட்டாத அரிசிக்கு அந்தத் தேதிதான் உயிர்.

இயற்கை விளைபொருள் என்ற சொல்லையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இந்த நிறுவனம், உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்யும் பி.ஜி.எஸ். முறையில் பதிவு செய்திருக்கிறது. அம்முறையில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்ற முத்திரை இயற்கை வேளாண்மைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்தையும், ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ என்ற முத்திரை மாற்றம் முழுமையடைந்த நிலத்தையும் குறிக்கும். நான் வாங்கிய பைகளில் முதலாவது முத்திரையே இருந்தது. அதை மறைக்காமல் அச்சிட்டிருப்பதை நேர்மையாகக் கருதுகிறேன்.

விலையைப் பொறுத்தவரை, கடையில் கிடைக்கும் தீட்டிய குதிரைவாலியைவிட இது சற்றுக் கூடுதலே. அந்தக் கூடுதல் எங்கே போகிறது என்பதை விளங்கிக்கொண்ட பிறகே தொடர்ந்து வாங்க முடிவு செய்தேன். புரட்டாசி மழையை நம்பி விதைத்து, சுமார் நூறு நாளில் மார்கழியிலோ தையிலோ அறுக்கப்படும் பயிர் இது. மழை பின்தங்கினாலும் தாக்குப்பிடிக்கும்; கரிசலில் சில நாள் தண்ணீர் தேங்கினாலும் அழிந்துவிடாது. வடகிழக்குப் பருவமழை ஓராண்டு பொய்த்து மறு ஆண்டு ஒரே வாரத்தில் கொட்டித் தீர்க்கும் பகுதியில் இந்த இரட்டைத் தாங்குதிறன் பெரிய சொத்து. தேங்கிய நீரில் நிற்கும் நெல் வயலிலிருந்து எழும் மீத்தேன் இங்கே இல்லை; ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் வேலையில்லை. வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாகிறது.

இந்தப் பயிரில் களையெடுப்பதும் கதிர் அறுப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆலைகள் வருவதற்கு முன் உரலில் குத்திப் புடைத்ததும் அவர்களே. அந்த உழைப்பின் கடுமையும் பல வீடுகள் சிறுதானியத்தைக் கைவிட ஒரு காரணமாயிற்று. தமிழகத்தில் 1989 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்துக் குடும்பங்களில் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு வழங்கியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 இல் வந்தது. இருந்தும், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி உடைமைகளில் பெண்கள் பொறுப்பில் நடப்பவை ஏறக்குறைய 14 சதவீதம் மட்டுமே. பட்டா இல்லாதவருக்குப் பயிர்க்கடனும் நிவாரணமும் எளிதில் எட்டுவதில்லை. உழவர் நிறுவனத்தின் பங்குப் பத்திரத்திலாவது அவர் பெயர் இருந்தால், தானியத்தின் விலையையும் ஆலையின் செலவையும் நிர்ணயிக்கும் கூட்டத்தில் அவருக்கு ஒரு வாக்கு உண்டு.

2020 இல் மத்திய அரசு தொடங்கிய பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான திட்டம், உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, ஓர் அமைப்புக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் என்ற வரம்புக்குள் பங்கு மானியம் தருகிறது. நிர்வாகச் செலவுக்கான உதவி மூன்று ஆண்டுகளுக்கு உண்டு. அதன் பிறகு இந்த அமைப்புகளைத் தாங்க வேண்டியது விற்பனைதான். ஐ.நா. அறிவித்த 2023 சிறுதானிய ஆண்டில் கண்காட்சிகளில் கூட்டமாக வாங்கிய நாம், அடுத்தடுத்த ஆண்டுகளில் மாதம் தவறாமல் வாங்குகிறோமா என்பது அந்த ஆலை எத்தனை நாள் ஓடும் என்பதை முடிவு செய்யும்.

வாங்க விரும்புவோர் பையின் மேல் அச்சிட்ட பெண்ணின் படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை பேர், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார், ஆலை யாருடையது என்று தொலைபேசியில் கேளுங்கள். நான் கேட்டபோது தயங்காமல் விளக்கினார்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், அந்த அளவுக்கு மட்டும் புதிதாக அரைத்து அனுப்புகிறார்கள். அனுப்பும் செலவும் குறைகிறது. புது அறுவடை தை மாதக் கடைசியில் ஆலைக்கு வரத் தொடங்கும் என்பதால், முதல் முறை வாங்குவோர் மாசியில் வாங்குவது நல்லது.