கம்பம்மெட்டு ஏறாமல் செட்டப் அனுப்ப எது நல்லது?

கேரள எல்லையை ஒட்டிய கம்பத்தில் இருந்துகொண்டு ஏலக்காய் வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். பாதி வாடிக்கையாளர்கள் மலைக்கு மேலே, கேரளத்தில், வண்டன்மேடு, புத்தடி, நெடுங்கண்டம் பக்கம். முன்பெல்லாம் மென்பொருளைக் கணினியில் நிறுவும் செட்டப் கோப்பைக் கையால்தான் தயார் செய்வேன். ஒருமுறை பழைய டிஎல்எல் (மென்பொருளின் துணைக்கோப்பு) ஒன்று தவறி உள்ளே போய்விட்டது. சாயங்காலம் ஒரு கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, லாரி நிக்குது, பில் வரமாட்டேங்குது." கொட்டுகிற மழையில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறிப் போய்ச் சரி செய்தேன். நிரலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்டில், இது இந்தப் பதிப்பு என்று ஒரு டேக் போட்டால், நிரல் கணினியில் ஓடும் கோப்பாகக் கம்பைல் ஆகி, செட்டப்பும் தானாக வெளியே வர வேண்டும், நடுவில் என் கை படக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்காக என்எஸ்ஐஎஸ், விக்ஸ், இன்னோ செட்டப் என்று செட்டப் தயாரிக்கும் மூன்று கருவிகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் என்எஸ்ஐஎஸ். வின்ஆம்ப் பாட்டு மென்பொருளை உருவாக்கிய நல்சாஃப்ட் நிறுவனம் தன் தேவைக்காகச் செய்தது. செட்டப்பில் அது தன் பங்குக்குச் சேர்ப்பது சில பத்து கேபி மட்டுமே. மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்துக்கு அது பெரிய உதவி. இதன் கம்பைலர் லினக்ஸிலும் நேரடியாக ஓடும் என்பதால் இந்த வேலையைத் தானாகச் செய்யும் பில்டு சர்வர் லினக்ஸாக இருந்தால் இதுதான் வசதி. ஆனால் எதை நீக்க வேண்டும் என்பதையும் நாமே வரிவரியாக எழுத வேண்டும். புதிதாக ஒரு கோப்பைச் சேர்த்துவிட்டு அன்இன்ஸ்டால் பகுதியில் எழுத மறந்தால், அது வாடிக்கையாளர் கணினியிலேயே கிடக்கும். இதை நினைவில் வைத்திருப்பதும் கைவேலைதானே!

விக்ஸ், 2004இல் மைக்ரோசாஃப்ட் திறந்த மூலமாக வெளியிட்டது. எக்ஸ்எம்எல்லில் எழுதினால், விண்டோஸின் சொந்த நிறுவல் வடிவமான எம்எஸ்ஐ கோப்பு கிடைக்கும். பாதியில் கரண்ட் போனாலும் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு எம்எஸ்ஐயில் இருக்கிறது. நூறு கணினி உள்ள அலுவலகம் என்றால் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் நிர்வாக வசதி வழியே ஒரே இடத்திலிருந்து போட்டுவிடலாம். நான் மாட்டிக்கொண்டது பதிப்பு எண்ணில். ஒவ்வொரு பில்டுக்கும் நாலாவது எண் தானாகக் கூடும்படி வைத்திருந்தேன். எம்எஸ்ஐ முதல் மூன்று எண்களைத்தான் ஒப்பிடும். அதனால் 2.4.1.7-க்கு மேல் 2.4.1.8 போட்டபோது, பழையது போகாமல் கண்ட்ரோல் பேனலில் இரண்டும் வரிசையாக நின்றன. தானியங்கிப்படுத்துகிறவர்கள் பில்டு எண்ணை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பழையதும் புதியதும் ஒரே மென்பொருள்தான் என்று அடையாளம் காட்டும் அப்கிரேடு கோடை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள்.

அப்புறம் இன்னோ செட்டப். ஜோர்டன் ரஸ்ஸல் 1997இல் வெளியிட்டது. ஸ்கிரிப்டைப் புதிதாகப் பார்ப்பவருக்கும் புரியும். கிட் டேக்கிலிருந்து எடுத்த பதிப்பு எண்ணை கமாண்ட் லைனிலேயே கம்பைலருக்குக் கொடுக்கலாம். எதை நிறுவினோம் என்று அதுவே குறித்து வைத்து, அன்இன்ஸ்டாலில் நீக்கிவிடும். எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. எல்லையின் இரண்டு பக்கமும் கடை வைத்திருப்பவருக்கு ஜிஎஸ்டி பதிவும் இரண்டு. பதிவு எண் தமிழ்நாட்டுக்கு 33 என்றும் கேரளத்துக்கு 32 என்றும் தொடங்கும். நிறுவும்போதே "எந்தக் கடை?" என்று கேட்கும் பக்கத்தைச் சில வரி பாஸ்கல் நிரலில் சேர்த்துவிட்டேன். திரையில் வரும் வாசகங்கள் சாதாரண உரைக்கோப்பில் இருப்பதால், கடையில் பேசுகிற தமிழிலேயே மாற்றி எழுத முடிந்தது. குறை என்றால், கம்பைலர் விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸில் வேண்டுமானால், விண்டோஸ் மென்பொருளை அங்கே ஓட்டும் வைன் வழியாகத்தான்.

ஆளில்லாமல் நிறுவ மூன்றிலும் கமாண்ட் லைனில் கொடுக்கும் சுவிட்ச் உண்டு. என்எஸ்ஐஎஸ்ஸில் அது /S; அந்த 'எஸ்' பெரிய எழுத்தாகத்தான் இருக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் ஒரு சிக்கல் பொதுவானது, மென்பொருள் நம்முடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம். 2023 ஜூன் முதல் அதைப் போடும் கோட் சைனிங் சாவி பாதுகாப்பான வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். யுஎஸ்பி டோக்கனாக வாங்கினால் கிளவுட் பில்டு சர்வரில் அதைச் செருக முடியாது. அதனால் பில்டு முழுவதும் கிளவுடில் முடிந்து, கையொப்பம் மட்டும் டோக்கன் செருகிய என் அலுவலகக் கணினியில் நடக்கிறது.

இப்போது கடைகளுக்கெல்லாம் இன்னோதான். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் நெட்வொர்க் வைத்திருக்கும் ஒரே ஒரு ஏற்றுமதி வாடிக்கையாளருக்காக அதே டேக்கிலிருந்து விக்ஸும் ஓடுகிறது. லினக்ஸ் சர்வர் மட்டுமே கையில் இருந்தால் என்எஸ்ஐஎஸ்ஸை எடுப்பேன். பில்டு முடிந்ததும் ஒரு வெற்று விண்டோஸில் செட்டப் தானாக நிறுவி, மாதிரி பில் ஒன்றைப் போட்டுப் பார்க்கும். அது தவறினால் கோப்பு மலையேறாது.