பங்குப் பதிவேடா, பேராயர் நகலா?

இங்கிலாந்தில் மூதாதையரின் கல்யாணப் பதிவைத் தேடுகிறவர்கள் திணறும் இடம் இது. பங்குப் பதிவேடு என்பது ஒரு தேவாலயம் தன் பகுதிக்கு (பங்குக்கு) வைத்திருந்த மூலப் பதிவு; பேராயர் நகல் என்பது அதைப் பார்த்து எழுதிப் பேராயருக்கு (பிஷப்புக்கு) அனுப்பிய பிரதி. இரண்டும் பாதிரியார் தரப்பில் எழுதியவைதான்.

தொடக்கம்: பதிவேடு 1538 முதல். நகல், பொதுவாக 1598 முதல், ஆண்டுக்கொரு முறை பேராயருக்குப் போனது.

நம்பகம்: இங்கே பதிவேடுதான் ஒரு படி மேல். 1754-க்குப் பிறகு மணமக்களும் இரண்டு சாட்சிகளும் அதில் கையெழுத்திட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார்; பக்கத்திலேயே பாதிரியார் பெயரை எழுதிவைப்பார். அந்தக் கோணல் குறியைப் பார்ப்பதே தனி சுகம். நகலில் பெரும்பாலும் இது கிடைக்காது. பார்த்து எழுதும்போது பெயர் மாறுவதும், வரி விட்டுப்போவதும் உண்டு.

தாங்குதிறன்: பதிவேடு தேவாலயப் பெட்டியில் ஈரத்துக்கும் எலிக்கும் நடுவே கிடந்தது. நகல் வேறு ஊரில் இருந்ததால் பல இடங்களில் அதுவே மிச்சம். ஆனால் 1650-களில் பேராயர்களே இல்லை. அப்போது நகலும் கிடையாது.

தேடும் வசதி: ஊர் தெரிந்தால் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பதிவேட்டையே பாருங்கள். பக்கம் கிழிந்திருந்தாலோ எழுத்து மங்கியிருந்தாலோ நகலுக்குப் போங்கள். சாட்சிகளை வைத்து உறவு பிடிக்க வேண்டுமா? அப்புறம் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை.