வெனீர் பழுது: இஸ்திரிப் பெட்டியா, ஊசிக்குழலா? மக்கா, ஒட்டா?

மேசைப் பரப்பை விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போனால், வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, அடிப்பலகையைப் பற்றியிருக்கும் இடத்தில் ஒலி இறுக்கமாகவும், பிடி விட்ட இடத்தில் பொள்ளலாகவும் கேட்கும். கண்ணுக்குத் தெரியும் உப்பலைவிட உள்ளே விட்டுப்போன பரப்பு பெரும்பாலும் பெரிதாக இருப்பதால், எந்த முறையைக் கையாண்டாலும் முதலில் அதன் எல்லையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும்.

உப்பிய வெனீரைப் படியவைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஈரத்துணியை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடிகள் வைத்து, உடனே சமமான பலகையை வைத்துப் பாரம் ஏற்றி ஆறவிடுவது. வச்சிரத்தால், அதாவது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசையால், ஒட்டிய பழைய பொருள்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. வச்சிரம் சூட்டிலும் ஈரத்திலும் இளகி, ஆறியதும் மறுபடி இறுகும். ஆனால் இன்றைய பொருள்கள் பலவற்றில் இருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டுக்கு இளகுவதே இல்லை. இது தெரியாமல் ஓர் அலமாரிக் கதவில் நான் இஸ்திரிப் பெட்டியை வைத்தபோது, உப்பல் அப்படியே நிற்க, அதைச் சுற்றி வார்னிஷ் பால்போல் வெளுத்துவிட்டது. விளிம்பிலிருந்து பசைத் துணுக்கு ஒன்றைச் சுரண்டி வெந்நீரில் போட்டிருந்தாலே போதும்: வச்சிரமாக இருந்தால் அது இளகிப் பிசுபிசுக்கும்.

மற்றொன்று, உப்பலை மரத்தின் ரேகையோடு கூரிய பிளேடால் கீறி, ஊசிக்குழலால் வெள்ளைப் பசையை உள்ளே செலுத்துவது. பிதுங்கும் பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்து, மேலே பாலிதீன் தாளும் அதன்மேல் பலகையும் வைத்துக் கிளாம்பால் இறுக்கி, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். துடைக்காமல் விட்ட பசைக் கறை பின்னால் சாயத்தை ஏற்காது, வெளிறிய திட்டாக நின்றுவிடும். வேலை கூடுதல்தான், ஆயினும் அடியில் இருப்பது வச்சிரம்தான் என்று உறுதியாகத் தெரியாதவரை நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

வெனீர் பெயர்ந்து தொலைந்துவிட்ட இடத்தில் கேள்வி வேறு. நெல்மணி அளவுப் பள்ளத்துக்கு, அதை அடைக்கும் மக்கோ நிறமெழுகோ போதும். மெழுகு சூட்டுக்கு இளகும் என்பதால் சூடான பாத்திரம் வைக்கும் மேசைக்கு ஆகாது; மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் காய்ந்தபின் சுற்றியுள்ள மரத்தைவிடக் கறுத்துத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்குக்கு ரேகை கிடையாது. பள்ளம் பெரிதாகப் பெரிதாக அந்தக் குறையே கண்ணை உறுத்தும்.

ஆகவே பெரிய இழப்புக்கு வெனீர்த் துண்டால் ஒட்டுப் போடுவதே என் தேர்வு. துண்டைச் சதுரமாக வெட்டாமல், ரேகையின் போக்கில் நீண்டு இருமுனையும் கூர்ந்த படகு வடிவில் வெட்டினால், குறுக்கு வெட்டு பளிச்சென்று தெரியாது. முதலில் துண்டை வெட்டி, அதைச் சேதத்தின்மேல் வைத்துக் கத்தி நுனியால் சுற்றிக் கீறி, பிறகு பள்ளத்தைச் செதுக்கினால் இரண்டும் பொருந்தும். இன்று கிடைக்கும் வெனீர் பெரும்பாலும் 0.6 மி.மீ. அளவே இருக்கும், ரம்பத்தால் அறுத்த பழைய வெனீர் அதைவிடத் தடிமனானது. ஆகவே பழைய பொருளில் புதுத் துண்டு பள்ளமாகப் படியும். அதே பொருளின் கண்படாத மூலையிலிருந்து எடுத்த துண்டுக்கு நிறமும் தடிமனும் தாமாகவே ஒத்துவரும்.

ஒட்டும்முன் துண்டை வெளிச்சத்தில் வைத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே மரம்கூட ஒரு பக்கமிருந்து வெளிறியும், எதிர்ப்பக்கமிருந்து கருத்தும் தோன்றும்; சுற்றுப்புறத்தோடு இணங்கும் திசையில்தான் ஒட்ட வேண்டும். பசையின் ஈரத்தில் துண்டு சற்று ஊதியிருக்கும் என்பதால், ஒரு நாள் கழித்தே உப்புத்தாளைத் தொட வேண்டும். அன்றே தேய்த்தால், காய்ந்தபின் ஒட்டு தாழ்ந்துபோகும்.