வெளிமாநிலத்தில் தீர்ப்புப் பணத்தை வசூலித்துத் தருவதாக வருபவரிடம் ஏமாறாதீர்கள்

வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும் ஈரோடு, கரூர், சோமனூர் ஜவுளிக்காரர்கள் இதை அவசியம் படியுங்கள். நீதிமன்றத்தில் ஜெயித்தும் கைக்கு வராத பணத்தை வசூலித்துத் தருவதாகச் சொல்லி, என்னிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் மறைந்துவிட்டார். அதே ஆள் இப்போது வேறு தறிக்காரர்களிடமும் பேசி வருவதாகக் கேள்விப்பட்டேன்.

சூரத் வியாபாரி ஒருவர் என்னிடம் காடா துணி (வெளுக்காத, சாயமிடாத துணி) வாங்கிவிட்டுப் பணம் தரவில்லை. ஈரோட்டில் வழக்குத் தொடுத்தேன். எதிர்த்தரப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வராததால் ஒருதலைப்பட்சமாக, எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு கிடைத்தது. ஆனால் அவருடைய கடை, வீடு, வங்கிக் கணக்கு எல்லாமே குஜராத்தில் இருக்கின்றன.

வந்தவர் தம்மை வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டார். “அண்ணா, நீங்கள் எதற்கு அலைய வேண்டும்? ஈரோட்டு உத்தரவை வைத்தே சூரத் கடையை ஜப்தி செய்துவிடலாம். வசூலாவதில் இருபது சதவீதம் எனக்கு, செலவுக்கு மட்டும் இப்போது கொடுங்கள்” என்றார்.

அத்தனையும் பொய். தன் எல்லைக்கு வெளியே உள்ள ஆள்மீதோ சொத்துமீதோ எந்த நீதிமன்றமும் தன் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் 2002 திருத்தம் தெளிவாகவே சொல்லிவிட்டது. வசூலில் பங்கு கேட்பதை வழக்கறிஞர்களுக்கு, அவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி தடை செய்திருக்கிறது. பங்கு கேட்கிறார் என்றால் ஒன்று அவர் விதியை மீறுகிறார், இல்லையென்றால் அவர் வழக்கறிஞரே இல்லை.

பிறகு வாட்ஸாப்பில் ஒரு “சூரத் ஜப்தி உத்தரவு” வந்தது. முத்திரை பளிச்சென்று இருந்தது. ஆனால் நம் ஊர் வழக்கப்படி ‘இ.பி.’ (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் நிறைவேற்று மனு) என்று எண் போட்டிருந்தார்கள். குஜராத் நீதிமன்றங்களில் நிறைவேற்று மனுவை ‘தர்க்காஸ்து’ என்று சொல்வது வழக்கம் என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண்ணும் இல்லை. எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 16 இடம் கொண்ட அந்த எண் நம் மாவட்ட நீதிமன்ற வழக்குகளுக்கு ‘டிஎன்’ என்றும் குஜராத்துக்கு ‘ஜிஜே’ என்றும் தொடங்கும். நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் போட்டால் வழக்கு இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். எண்ணைக் கேட்ட அன்றே அவருடைய கைப்பேசி அணைந்துவிட்டது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

முறையான வழி மெதுவானது, ஆனால் இருக்கிறது. தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே மனுப் போட்டு, தீர்ப்பாணையை (தீர்ப்பின்படி நீதிமன்றம் தரும் முறையான உத்தரவை) நிறைவேற்றுவதற்காகக் கடனாளியின் ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். தீர்ப்பாணை நகலோடு, எவ்வளவு பணம் இன்னும் வசூலாகவில்லை என்ற சான்றிதழும் போக வேண்டும். அதற்குள் கடனாளி சொத்தை விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால் அதே சட்டத்தின் 46ஆம் பிரிவைப் பற்றி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதன்படி நம் நீதிமன்றமே அந்த ஊர் நீதிமன்றத்துக்கு எழுதி, சொத்தை இரண்டு மாதத்துக்கு ஜப்தியில் வைக்கச் சொல்லலாம். எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது என்பதுதான் என் வேதனை.

தீர்ப்பாணை அங்கே மாற்றப்பட்டபின், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி கடனாளிக்கு உத்தரவிடக் கேட்கலாம். அதை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இந்த வேலைக்கு அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவரை நீங்களே நேரடியாக அமர்த்துங்கள், இடைத்தரகர் வேண்டாம்.

“காலம் கடந்துவிடும், இன்றே முன்பணம் கொடுங்கள்” என்று அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். பணத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்பதற்குச் சட்டம் 12 ஆண்டு தருகிறது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. நடைமுறையில் அதைவிட நீளும். என் தீர்ப்பாணை இப்போதுதான் சூரத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அந்த ஆள் உங்களிடம் வந்தால் முதலில் சி.என்.ஆர். எண்ணையும் பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள். பேசிய தொலைபேசி எண்ணைக் குறித்துவைத்து, உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்துவிடுங்கள்.