ஷான்ஹாய்குவான், 1644: ஒரு தளபதி, மூன்று எஜமானர்கள்

சீனப் பெருஞ்சுவர் கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஷான்ஹாய்குவான் கோட்டை இருக்கிறது. அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசு 1381-ல் கட்டியது. வடக்கே மலை, தெற்கே கடல், நடுவே ஒடுங்கிய நிலம். அந்த நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் கோட்டையின் வேலை. எதிரி கிழக்கிலிருந்துதான் வருவான் என்பது கட்டியவர்களின் கணக்கு. 1644 மே மாதம் கிழக்கிலிருந்து மஞ்சுப் படை வந்தது. மேற்கிலிருந்து, அதாவது கோட்டையின் முதுகுப் பக்கத்திலிருந்து, பெய்ஜிங்கைப் பிடித்த கலகப் படையும் வந்தது. நடுவில் 32 வயது தளபதி வூ சான்குவேய். கையில் சுமார் 40,000 முதல் 50,000 வீரர்கள்.

இவர் கதவைத் திறந்து மஞ்சுக்களை உள்ளே விட்டார். அவர்களுடைய சிங் வம்சம் 1912 வரை சீனாவை ஆண்டது. ஏன் திறந்தார் என்றால், பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வார்கள்: வூவின் ஆசைநாயகி சென் யுவான்யுவான். கதை இப்படிப் போகும். பெய்ஜிங்கிலிருந்து தப்பி வந்த வேலைக்காரனிடம் வூ கேட்கிறார்: அப்பா? பிடித்து வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, நான் போனதும் விட்டுவிடுவார்கள். வீடு? பறித்துக்கொண்டார்கள். அதுவும் திரும்ப வந்துவிடும். சென்? கலகத் தளபதி லியூ சோங்மின் கொண்டுபோய்விட்டான். அவ்வளவுதான், வாளை உருவிவிட்டாராம்.

நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் எனக்குச் சந்தேகம். சென் யுவான்யுவானைப் பறித்தது பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு கோபத்துக்குள் மொத்தக் கணக்கையும் அடைத்துவிட்டால், வூவுக்கு முன்னால் இருந்த வழிகளை நாம் எடை போடாமலே தப்பித்துவிடுகிறோம். வழிகள் மூன்று: செத்துப்போன மிங், புதிதாக வந்த கலகத் தலைவர் லீ சிசெங், சுவருக்கு வெளியே நின்ற மஞ்சுத் தலைவர் டோர்கோன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மிங். இது சட்டென்று முடிந்துவிடும்.

வூவின் குடும்பமே எல்லைக் குடும்பம். அப்பா வூ சியாங் தளபதி. தாய்மாமன் சூ தாஷோவ் ஜின்ஜோவ் கோட்டையைப் பல ஆண்டுகள் காத்தவர். இந்தக் குடும்பத்துக்கு மிங் அரசவையின் குணம் நன்றாகத் தெரியும். 1626-ல் சுவருக்கு வெளியே இருந்த நிங்யுவான் கோட்டையில் மஞ்சு அரசர் நூர்ஹாச்சியையே விரட்டியடித்த யுவான் சோங்ஹுவான் என்ற தளபதியைச் சோங்ஜென் பேரரசர் 1630-ல் துரோகி என்று சொல்லி, தசையை அறுத்து அறுத்துக் கொல்லவைத்தார். யுவானைக் கைது செய்தபோது பெய்ஜிங்குக்கு வெளியே படையோடு நின்ற மாமன் சூ, பயந்துபோய்ப் படையைத் திருப்பிக்கொண்டு கிழக்கே போய்விட்டார். 17 ஆண்டு ஆட்சியில் தலைமைச் செயலர் பதவியில் சுமார் 50 பேரை ஏற்றி இறக்கிய பேரரசர் அவர். அப்படிப்பட்டவரிடம் விசுவாசம் இருக்கலாம், நம்பிக்கை இருக்குமா?

இருந்தாலும் வூ கடைசி நிமிடம் வரை அங்கேதான் இருந்தார். 1644 தொடக்கத்தில், அவர் காத்துவந்த நிங்யுவானைக் கைவிட்டு அவரைத் தலைநகருக்கு அழைப்பதா என்று அரசவை வாரக்கணக்கில் இழுத்தடித்தது. நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஆணையில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு அமைச்சரும் நழுவினார். முடிவாக ஆணை வந்து, நிங்யுவான் மக்களையும் கூட்டிக்கொண்டு படை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஏப்ரல் 25 அன்று பெய்ஜிங் விழுந்தது. பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கிலிட்டுக்கொண்டார். சேதி வூவுக்கு வழியிலேயே வந்தது.

அதற்குப் பிறகு மிங் என்பது யார்? பட்டத்து இளவரசர் லீயின் பிடியில். நான்ஜிங்கில் புதுப் பேரரசர் ஜூன் மாதம்தான் அமர்ந்தார். நான்ஜிங்கோ அங்கிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பால், நடுவே கலகக்காரர்களின் நாடு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வூவின் விசுவாசத்துக்கு விலாசமே கிடையாது. கோட்டைக்குள் இருந்துகொண்டு சாகலாம், அது ஒன்றுதான் இந்த வழியில் மிச்சம்.

அடுத்து லீ சிசெங். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் இதுதான் நல்ல வழி.

லீ, ஷான்சி மாகாணத்தில் அரசு அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்து, செலவுக் குறைப்பில் வேலை போனவர். பஞ்சமும் வரியும் சேர்ந்து அவருக்கு ஒரு படையையே கொடுத்தன. 1644 தொடக்கத்தில் சியானில் ஷுன் வம்சம் என்று அறிவித்துக்கொண்டார். சீனர், வெளியாள் இல்லை. சீன வரலாற்றில் வம்சம் மாறுவது புதிதும் இல்லை. மிங்கை நிறுவியவரே ஏழைக் குடியானவர் மகன்தானே. புது அரசருக்கு வணக்கம் சொல்வதில் தளபதிக்குப் பெரிய மானக்கேடு கிடையாது. எல்லையில் பல தளபதிகள் சண்டையே போடாமல் கதவைத் திறந்துவிட்டார்கள். பெய்ஜிங்குக்குப் பக்கத்துக் கணவாயைக் கொடுத்த தாங் தோங் அவர்களில் ஒருவர்.

அடுத்தது சோறு. எல்லைப் படைக்குச் சம்பளம் பெய்ஜிங்கிலிருந்துதான் வரும், அதுவும் பாக்கியோடுதான். தலைநகர் விழுந்ததும் வூவின் வீரர்களுக்கு முதலாளி இல்லை. வெள்ளி இப்போது லீயிடம் இருந்தது. அந்த வெள்ளியோடும், அப்பா வூ சியாங் எழுதிய கடிதத்தோடும் தாங் தோங்கையே வூவிடம் அனுப்பினார் லீ. மகனே, சரணடைந்துவிடு என்பதுதான் கடிதத்தின் சாரம். அப்பாவும் குடும்பமும் பெய்ஜிங்கில் இருந்தார்கள். வூ சம்மதித்து, கோட்டையைத் தாங் தோங்கிடம் விட்டுவிட்டுப் பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டும்விட்டார் என்றே பல பதிவுகள் சொல்கின்றன.

அப்புறம் ஏன் பாதி வழியில் திரும்பினார்? பெய்ஜிங்கில் லியூ சோங்மின் மிங் அதிகாரிகளைக் கட்டிவைத்து, கிட்டி போட்டு நெருக்கிப் பணம் பறித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் வூ சியாங்கும் மாட்டினார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லையில் 40,000 பேரோடு நிற்கிற ஒருவனை வா என்று அழைத்துக் கடிதம் எழுதவைக்கிறீர்கள். எழுதிய கையையே முறுக்குகிறீர்கள். லீ கெட்டவர் என்பதைவிட, வூ தன் பையில் விழுந்தாயிற்று என்று நினைத்துவிட்டார் என்பதே என் கணிப்பு. ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளுக்கு யார் விலை பேசுவார்கள்?

இதில் சென் யுவான்யுவான் விஷயமும் பொருந்திவிடுகிறது. அப்பாவை அடித்தது, வீட்டைப் பறித்தது, பெண்ணைக் கொண்டுபோனது எல்லாம் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன: நீ வந்தால் உன்னையும் இப்படித்தான் நடத்துவோம். வூ திரும்பிப் போய்க் கோட்டையை மீண்டும் பிடித்தார். மே 18 அன்று லீ தானே படையோடு கிளம்பினார். கூடவே வூ சியாங்கையும் மிங் இளவரசர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது, டோர்கோன். மஞ்சுப் பேரரசர் ஹோங் தைஜி 1643-ல் இறந்திருந்தார். பட்டத்தில் இருந்தது ஆறு வயதுப் பையன். நிஜ அதிகாரம் சித்தப்பா டோர்கோனிடம். வூவுக்கு இந்த முகாம் அந்நியம் என்று நாம் நினைக்கிறோம், அது பாதி சரி. அவருடைய பழைய மேலதிகாரி ஹோங் செங்சோவ் 1642-ல் சோங்ஷானில் பிடிபட்டுச் சரணடைந்து, இப்போது டோர்கோனுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். மாமன் சூ தாஷோவும் அதே ஆண்டு ஜின்ஜோவைக் கொடுத்துவிட்டு அங்கேதான் இருந்தார். இருவரையும் மஞ்சுக்கள் கிட்டி போடவில்லை, உட்காரவைத்தார்கள். இத்தனைக்கும் சூ 1631-லேயே ஒரு தடவை சரணடைந்து, ஏமாற்றிவிட்டு ஓடியவர். இரண்டாம் தடவையும் அவரை உயிரோடு விட்டார்கள் என்பதை மருமகன் கவனிக்காமலா இருந்திருப்பார்? சரணடைபவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்று பேரில் டோர்கோன் வீடுதான் மேல்.

ஆனால் வூ கேட்டது சரணடைவதை அல்ல. அவர் முதல் கடிதத்தில் தன்னை மிங் ஊழியன் என்றே சொல்லிக்கொள்கிறார். திருடர்களை ஒடுக்கப் படை கொடுங்கள், நன்றிக்கடனாகப் பொன்னும் துணியும் மட்டுமல்ல, நிலமும் தருகிறோம் என்கிறார். படை தன் கோட்டை வழியாக வராமல் மேற்கே வேறு கணவாய்கள் வழியாக வரட்டும் என்றும் யோசனை சொல்கிறார். வாசலில் நிற்கிறவனிடம் உதவி வேண்டும், ஆனால் கொல்லைப்புறமாக வா என்பது மாதிரி. கடன் வாங்கத்தான் நினைத்தார், விற்க நினைக்கவில்லை.

டோர்கோன் இதற்காகக் காத்திருக்கவில்லை. கடிதம் வருவதற்கு முன்பே, மே 14 அன்று, மஞ்சுத் தலைநகர் ஷென்யாங்கிலிருந்து கிளம்பிவிட்டார். மிங்கோடு இனிச் சண்டை இல்லை, கலகக்காரர்களோடுதான், கொள்ளையடிக்காமல் போனால் நாடே கிடைக்கும் என்று ஃபான் வென்செங் என்ற சீன ஆலோசகர் சொல்லியிருந்தார். கடிதம் வழியில் கைக்கு வந்தது. பதிலில் மேற்குக் கணவாய்ப் பேச்சே இல்லை. உன் படையோடு வந்து சேர், சிற்றரசர் பட்டமும் நிலமும் தருகிறேன், நாட்டுக்குப் பழி தீர்க்கலாம், குடும்பமும் தழைக்கும் என்பதுதான் சாரம். படை நேராக ஷான்ஹாய்குவானை நோக்கித் திரும்பியது.

இங்கே ஒப்பீட்டில் காலம் நுழைகிறது. மே 20 அன்று வூவுக்குப் பேரம் பேச இடம் இருந்தது. மே 26 அன்று லீயின் படை கோட்டைக்கு மேற்கே ஆற்றங்கரையில் வந்து மோதி, நாள் முழுக்கச் சண்டை நடந்தது. அன்று இரவு டோர்கோன் சில கிலோமீட்டர் தொலைவில் வந்து சும்மா நின்றார். 27 காலை வூவே அவர் முகாமுக்குப் போனார். முன்மண்டையை மழித்து மஞ்சு வழக்கப்படி அடங்கினார். அவர் வீரர்கள் எல்லோரும் தலையை மழிக்க நேரம் இல்லை. எது கலகச் சீனர், எது வூவின் சீனர் என்று மஞ்சு வில்லாளிக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகத் தோளில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு இந்தப் போரில் மறக்காத காட்சி இந்தத் துணிதான். வெள்ளை அவர்களுக்குத் துக்க நிறமும்கூட.

அன்று முதலில் மோதவிட்டது வூவின் படையைத்தான். இரு பக்கமும் களைத்தபின், புழுதிக்காற்று அடித்த நேரத்தில், மஞ்சுக் குதிரைப்படை இறங்கியது. லீயின் ஆட்கள் காற்று ஓய்ந்தபோது மழித்த தலைகளைப் பார்த்து ஓடினார்கள். பின்வாங்கும் வழியில் லீ, வூ சியாங்கைக் கொன்றார். பெய்ஜிங்கில் குடும்பத்தில் 30-க்கும் மேற்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். ஜூன் 3 அன்று லீ அவசரமாக முடிசூடிக்கொண்டு மறுநாளே ஊரைவிட்டு ஓடினார். டோர்கோன் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது வூ பக்கத்தில் இல்லை. அவரை லீயைத் துரத்த அனுப்பியிருந்தார்கள்.

சரி, வேறு வழியில் போயிருந்தால்? லீயோடு சேர்ந்திருந்தால், டோர்கோன் எப்படியும் வந்திருப்பார். அப்போது கேடயமாக முன்னால் நிற்பது வூவின் படைதான். கிட்டி போட்ட எஜமானனுக்காகக் கிழக்கு வாசலில் சாக வேண்டும். மிங்கோடு நின்றால், 1645-ல் யாங்சோவில் ஷி கோஃபாவுக்கு நடந்ததுதான்: நகரம் விழும், தளபதியைக் கொல்வார்கள், பெயர் மட்டும் நிற்கும். லீயிடம் முதலில் கதவைத் திறந்த தாங் தோங் பிற்பாடு சிங்கிடமே சரணடைந்தார். ஆக, மே 1644-ல் வூ செய்ததை மோசமானவற்றில் குறைந்த மோசம் என்றுதான் நான் சொல்வேன். கோபம் இருந்தது, சந்தேகமில்லை. கோபம் இல்லாவிட்டாலும் கணக்கு அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

அவரைத் துரோகி என்கிறவர்கள் தேதியைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. மே மாதத்தில் அவருக்கு எஜமானரே இல்லை. ஜூனுக்குப் பிறகு இருந்தார். நான்ஜிங் அரசவை வூவைத் திட்டவில்லை, கொண்டாடியது. கலகக்காரனை விரட்டினாரே என்று பிரபுப் பட்டம் கொடுத்து, வடக்கே போன தூதுக்குழுவிடம் அனுப்பியது. வூ வாங்கிக்கொள்ளவில்லை. அப்போது கழுத்தில் கத்தி இல்லை, 26-ம் தேதி இரவு இல்லை, விலாசமும் தெரியும். உண்மையில் அவர் தேர்ந்தெடுத்தது அன்றுதான். அடுத்த ஆண்டுகளில் சிங்குக்காகவே போரிட்டு, பிற்பாடு தெற்கே மிங் மிச்சங்களைத் துரத்தினார். 1662-ல் கடைசி மிங் உரிமையாளரான யோங்லியைப் பர்மாவிலிருந்து பிடித்து வரவைத்து, குன்மிங்கில் கழுத்தை நெரித்துக் கொன்றார். அதை யாரும் அவசரத்தில் செய்வதில்லை.

கைமாறு நன்றாகவே கிடைத்தது. யுன்னான் முழுவதும் அவர் கையில். மகன் வூ யிங்சியோங்குக்கு 1653-ல் ஹோங் தைஜியின் மகளையே கட்டிவைத்து, மாப்பிள்ளையைப் பெய்ஜிங்கில் இருத்திக்கொண்டார்கள். மரியாதையும் அதுதான், பிணையும் அதுதான். 1673-ல் காங்சி பேரரசர் தெற்குச் சிற்றரசுகளைக் கலைக்க முடிவெடுத்ததும் வூ கிளர்ந்தெழுந்தார். மஞ்சு வழக்கச் சடையை வெட்டிவிட்டு, மிங்கை மீட்போம் என்று பேசினார். யோங்லியைக் கொன்றவர் வாயில் அது யாரிடம் எடுபடும்? 1678-ல் மிங் பேச்சையும் விட்டுவிட்டுத் தானே ஜோவ் என்ற புது வம்சத்தின் பேரரசர் என்று முடிசூடினார். அதே ஆண்டு இறந்தும் போனார். பேரன் 1681-ல் குன்மிங்கில் தற்கொலை செய்துகொண்டான்.

பெய்ஜிங்கில் இருந்த மகனை 1674-லேயே கொன்றுவிட்டார்கள். 30 வருடத்துக்கு முன்னால் அதே ஊரில்தான் அப்பாவைப் பிடித்து வைத்திருந்தார்கள்.